நாட்பட்ட காணாக்கடியும் தைராய்டு தன்னெதிர்ப்பும்

நாட்பட்ட காணாக்கடி என்பது தோலில் அரிப்புடன் கூடிய தடிப்புகள் ஆறு வாரங்களோ அதற்கு மேலோ மீண்டும் மீண்டும் தோன்றி மறையும் நோயாகும். தைராய்டு தன்னெதிர்ப்பு என்பது உடலின் நோயெதிர்ப்பு அமைப்பு, கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியைத் தன் உடலுக்கு அயலான பொருளாகக் கருதித் தாக்கும் நிலையாகும். ஒன்று தோலிலும் மற்றது சுரப்பியிலும் நிகழ்வதால், இவ்விரண்டும் தொடர்பற்றவை போலத் தோன்றும். ஆயினும் இவை ஒரே நபரிடம் சேர்ந்து காணப்படுவது தற்செயலாக எதிர்பார்க்கக்கூடிய அளவைவிட மிகுதி என்பது 1980கள் முதல் வெளிவந்த ஆய்வுகளால் நிறுவப்பட்டுள்ளது. இத்தொடர்பின் காரணம் இன்னும் முழுமையாக விளக்கப்படவில்லை.

ஆரணி போன்ற பட்டு நெசவு ஊர்களில் இத்தொடர்பை அறிந்திருப்பது சிறப்பாகப் பயன்படும். நூலும் சாயமும் அன்றாடம் கையாளப்படும் இடத்தில் தோல் அரிப்புக்குத் தொழிலையே காரணமாகக் கொள்வது இயல்பு. சில வேளைகளில் அது சரியாகவும் இருக்கும். வேறு சில வேளைகளில் காரணம் உடலின் உள்ளேயே இருக்கக்கூடும்.

பெயர்

காணாக்கடி என்னும் தமிழ்ப்பெயர், கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று கடித்ததால் தடிப்பு உண்டாயிற்று என்னும் நம்பிக்கையிலிருந்து வந்தது. சித்த மருத்துவத்திலும் இப்பெயர் வழங்குகிறது. சில ஊர்களில் இதனைப் பூரான் கடி என்றும் சொல்வர். மேலைநாட்டு மருத்துவத்தில் இது அர்ட்டிகேரியா எனப்படுகிறது. தொட்டால் அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும் ஒரு செடியின் இலத்தீன் பெயரான அர்ட்டிகா என்பதே இதன் வேர்ச்சொல். நம் நாட்டுக் காஞ்சொறிச் செடி பட்டால் உண்டாகும் தடிப்பும் இதனை ஒத்ததே. இசுக்காட்லாந்து மருத்துவர் வில்லியம் கல்லன் 1769 இல் அர்ட்டிகேரியா என்னும் பெயரை நோய்ப்பெயராக வழங்கினார்.

காணாக்கடியின் இயல்பு

தோலிலுள்ள மாஸ்ட் உயிரணுக்களே காணாக்கடியின் மையம். இவ்வுயிரணுக்கள் ஹிஸ்டமின் முதலிய வேதிப்பொருட்களைச் சிறு மணிகளாகச் சேமித்து வைத்திருக்கின்றன. தூண்டப்படும்போது அம்மணிகள் வெடித்து ஹிஸ்டமின் வெளியேறுகிறது. அதனால் நுண்குருதிக் குழாய்கள் விரிவடைகின்றன. குருதியின் நீர்ப்பகுதி கசிந்து தோல் தடிக்கிறது. நரம்பு முனைகள் தூண்டப்பட்டு அரிப்பு உண்டாகிறது.

ஒவ்வொரு தனித் தடிப்பும் பெரும்பாலும் 24 மணி நேரத்திற்குள் சுவடின்றி மறைந்துவிடும். ஆனால் வேறோர் இடத்தில் புதிய தடிப்பு தோன்றும். இதனால் நோயாளிக்கு நோய் இடைவிடாமல் இருப்பது போலத் தோன்றுகிறது. தோலின் ஆழ்ந்த அடுக்குகளில் இதே நிகழ்வு நடந்தால் உதடு, கண்ணிமை, நாக்கு ஆகியவை வீங்கும். இது குருதிக்குழல் வீக்கம் எனப்படும்; 72 மணி நேரம் வரை நீடிக்கலாம்.

ஆறு வாரங்களுக்குள் நீங்குவது குறுங்காலக் காணாக்கடி. தொற்று, உணவு, மருந்து ஆகியவை இதற்குக் காரணமாகலாம். ஆறு வாரங்களைத் தாண்டியது நாட்பட்டது. நாட்பட்ட காணாக்கடி இருவகைப்படும். அழுத்தம், குளிர், வியர்வை, உராய்வு போன்ற குறிப்பிட்ட தூண்டலால் மட்டுமே வருவது தூண்டப்படும் வகை. புறத்தூண்டல் எதுவுமின்றி வருவது தன்னிச்சை வகை. தைராய்டுடன் தொடர்புபடுத்தப்படுவது முதன்மையாக இந்தத் தன்னிச்சை வகையே. இது ஆண்களைவிடப் பெண்களிடம் ஏறத்தாழ இருமடங்கு மிகுதியாகக் காணப்படுகிறது. தைராய்டு தன்னெதிர்ப்பும் பெண்களிடமே மிகுதி.

தைராய்டு சுரப்பியும் தன்னெதிர்ப்பும்

தைராய்டு சுரப்பி கழுத்தின் முன்புறத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்துள்ளது. உணவிலிருந்து பெறும் அயோடினைக் கொண்டு தைராக்சின் முதலிய இயக்குநீர்களை இது உருவாக்குகிறது. இவை உடலின் வளர்சிதைமாற்ற வேகத்தைக் கட்டுப்படுத்துகின்றன. அயோடினைத் தைரோகுளோபுலின் என்னும் புரதத்துடன் இணைக்கும் நொதி தைராய்டு பெராக்சிடேசு ஆகும். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டு தூண்டும் இயக்குநீரைச் சுரந்து இச்சுரப்பியை இயக்குகிறது. தைராக்சின் குறைந்தால் தூண்டும் இயக்குநீர் கூடும். தைராக்சின் மிகுந்தால் அது குறையும்.

சப்பானிய மருத்துவர் ஹகரு ஹஷிமோட்டோ 1912 இல் நான்கு பெண்களின் தைராய்டு சுரப்பிகளில் வெள்ளையணுக்கள் திரண்டிருந்ததை விவரித்தார். இந்நோய் பின்னர் அவர் பெயராலேயே அழைக்கப்பட்டது. அதன் காரணம் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தெரியாமல் இருந்தது. 1956 இல் இலண்டனில் ஐவன் ராயிட், டெபோரா டோனியாக் ஆகியோரை உள்ளடக்கிய குழு, இந்நோயாளிகளின் குருதியில் தைராய்டுப் புரதத்திற்கு எதிரான பிறபொருளெதிரிகள் இருப்பதைக் கண்டறிந்தது. உடல் தன்னைத் தானே தாக்காது என்னும் அக்காலக் கருத்தை மாற்றிய கண்டுபிடிப்புகளுள் இதுவும் ஒன்று.

ஹஷிமோட்டோ நோயில் சுரப்பி மெல்ல அழிந்து தைராக்சின் குறைகிறது. களைப்பு, எடை கூடுதல், குளிர் தாங்காமை, மலச்சிக்கல், முடி உதிர்தல், மாதவிடாய்க் கோளாறு ஆகியவை இதன் அறிகுறிகள். இதற்கு மாறாக, கிரேவ்ஸ் நோயில் பிறபொருளெதிரிகள் சுரப்பியைத் தூண்டிவிடுவதால் தைராக்சின் மிகுகிறது. காணாக்கடி இவ்விரு நோய்களுடனும் காணப்படலாம். ஹஷிமோட்டோ நோயுடன் காணப்படுவதே மிகுதி.

பிறபொருளெதிரி இருப்பதும் தைராய்டு நோய் இருப்பதும் ஒன்றல்ல என்பது இங்கு நினைவில் கொள்ளத்தக்கது. பிறபொருளெதிரி உள்ள பலருக்குச் சுரப்பி பல ஆண்டுகள் இயல்பாகவே செயல்படும்.

தொடர்பு கண்டறியப்பட்ட வரலாறு

கனடாவைச் சேர்ந்த ஆர்தர் லெஸ்னாஃப் குழுவினர் 1983 இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் முன்னோடியாகக் கருதப்படுகிறது. நாட்பட்ட காணாக்கடி உடைய 140 நோயாளிகளுள் 17 பேருக்கு, அதாவது 12.1 விழுக்காட்டினருக்கு, தைராய்டு தன்னெதிர்ப்பு இருந்தது. 1989 இல் வெளியான அடுத்த ஆய்வில் 624 பேருள் 90 பேரிடம், அதாவது 14.4 விழுக்காட்டினரிடம், இது காணப்பட்டது.

1993 இல் மிச்சிகிரோ ஹிடே, மால்கம் கிரீவ்ஸ் ஆகியோரை உள்ளடக்கிய குழு, காணாக்கடி நோயாளிகள் சிலரின் குருதியில் மாஸ்ட் உயிரணுக்களையே தூண்டும் பிறபொருளெதிரிகள் இருப்பதைக் காட்டியது. காணாக்கடியின் ஒரு பகுதியாவது தன்னெதிர்ப்பு நோய் என்னும் கருத்து இதனால் வலுப்பெற்றது.

இசுரேலில் 2012 இல் வெளியான பேராய்வு ஒன்று 12,778 நாட்பட்ட காணாக்கடி நோயாளிகளை, அந்நோயற்ற 10,714 பேருடன் ஒப்பிட்டது. தைராய்டு குறைசுரப்பு நோயாளிகளிடம் 9.8 விழுக்காடாகவும், மற்றவர்களிடம் 0.6 விழுக்காடாகவும் இருந்தது. தன்னெதிர்ப்பு நோய்கள் பெரும்பாலும் காணாக்கடி கண்டறியப்பட்ட பின்வந்த பத்தாண்டுகளுக்குள் வெளிப்பட்டன என்பதும் இவ்வாய்வின் முடிவு. எனவே முதல் பரிசோதனையில் தைராய்டு இயல்பாக இருந்தது என்பதற்காகப் பின்னர் தோன்றும் அறிகுறிகளைப் புறக்கணித்தல் சரியன்று.

விளக்கும் கருதுகோள்கள்

இத்தொடர்பை விளக்க மூன்று கருதுகோள்கள் முன்வைக்கப்படுகின்றன.

முதலாவது, தன்னொவ்வாமைக் கருதுகோள். மகரந்தம், தூசி முதலியவற்றிற்கு எதிராக ஒவ்வாமை உண்டாக்குவது இம்யூனோகுளோபுலின் ஈ என்னும் பிறபொருளெதிரி. இதே வகைப் பிறபொருளெதிரி தைராய்டு பெராக்சிடேசுக்கு எதிராகவும் உருவாகி மாஸ்ட் உயிரணுக்களின் மேல் அமரக்கூடும். குருதியில் வரும் அந்த நொதி அதனுடன் பிணைந்தால் ஹிஸ்டமின் வெளியேறும். இத்தகைய பிறபொருளெதிரிகள் பல காணாக்கடி நோயாளிகளிடம் இருப்பதை 2011 இல் செருமானிய ஆய்வாளர்கள் அறிவித்தனர்.

இரண்டாவது, நேரடித் தூண்டல். இம்யூனோகுளோபுலின் ஜி வகைப் பிறபொருளெதிரிகள் மாஸ்ட் உயிரணுவின் ஏற்பியையோ, அதன்மேல் அமர்ந்துள்ள இம்யூனோகுளோபுலின் ஈ மூலக்கூற்றையோ பற்றி உயிரணுவைத் தூண்டுகின்றன. இவ்வகை நோயாளிகளிடம் தைராய்டுக்கு எதிரான பிறபொருளெதிரிகளும் மிகுதியாக உள்ளன. ஆனால் இங்குத் தடிப்பை உண்டாக்குவது தைராய்டு பிறபொருளெதிரி அன்று; அது உடன்வரும் அடையாளம் மட்டுமே.

மூன்றாவது, பொதுவான மரபுச்சாய்வு. ஒரு தன்னெதிர்ப்பு நோய் உடையவருக்கு மற்றொன்று வரும் வாய்ப்பு மிகுதி. ஒரே மரபுப் பின்னணியிலிருந்து இரு நோய்களும் தனித்தனியே கிளைத்திருக்கலாம்.

இம்மூன்றும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. வெவ்வேறு நோயாளிகளிடம் வெவ்வேறு வழிமுறைகள் செயல்படலாம்.

இந்தியச் சூழல்

சென்னை உள்ளிட்ட எட்டு இந்திய நகரங்களில் 5,376 பேரிடம் நடத்தப்பட்டு 2013 இல் வெளியான ஆய்வில், தைராய்டு குறைசுரப்பு 10.95 விழுக்காட்டினருக்கு இருந்தது. அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் தமக்கு அந்நோய் இருப்பதை அதுவரை அறியாதவர்கள். தைராய்டு பெராக்சிடேசுக்கு எதிரான பிறபொருளெதிரி 21.85 விழுக்காட்டினரிடம் காணப்பட்டது.

இவ்வெண்கள் இருவகையில் கருதத்தக்கவை. தைராய்டு குறைசுரப்பு இந்தியாவில் பரவலாக உள்ளதால் காணாக்கடி நோயாளியிடம் அதனைத் தேடுவது பொருத்தமே. அதே வேளையில், பொதுமக்களிடமே ஐவரில் ஒருவருக்குப் பிறபொருளெதிரி இருக்கக்கூடுமெனில், ஒரு தனி நோயாளியிடம் அது இருப்பது காணாக்கடிக்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று பொருள்படாது. பிற நாட்டு விழுக்காடுகளை அப்படியே இந்திய நோயாளிகளுக்குப் பொருத்திப் பார்ப்பதிலும் இக்காரணத்தால் எச்சரிக்கை தேவை.

ஆரணியும் பட்டுத்தொழிலும்

திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதியை ஒட்டி அமைந்த ஆரணி, பட்டுச் சேலைகளுக்குப் பெயர்பெற்றது. ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்ற பொருள். பட்டு நூலுக்கு முறுக்கேற்றல், பசை நீக்கல், சாயம் தோய்த்தல், பாவு ஓடுதல், ஊடை நூல் சுற்றுதல், நெய்தல் எனப் பல நிலைகளில் இத்தொழில் நடைபெறுகிறது. வீட்டிலேயே தறி வைத்திருக்கும் குடும்பங்களில் பெண்களும் இவ்வேலைகளில் பங்கேற்கின்றனர்.

இச்சூழலில் தோலில் தோன்றும் அரிப்புக்குப் பல காரணங்கள் இருக்க முடியும். அவற்றைப் பிரித்தறிவது பின்வருமாறு.

பட்டுப் புரத ஒவ்வாமை: கச்சாப் பட்டிழை ஃபைப்ரோயின் என்னும் உள்ளிழையும் அதனைச் சுற்றியுள்ள செரிசின் என்னும் பசையும் கொண்டது. கச்சாப் பட்டின் எடையில் 20 முதல் 30 விழுக்காடு வரை செரிசின் ஆகும். ஒவ்வாமைக்குப் பெரிதும் காரணமாவது இப்பசையும் பட்டுப்புழு, கூடு ஆகியவற்றின் தூசியுமே. இந்தியப் பட்டு நூற்பாலைத் தொழிலாளரிடம் காணப்படும் ஆஸ்துமா பற்றி 1985 இல் ஆய்வு வெளிவந்துள்ளது. நூலைச் சோப்பு, சோடா கலந்த நீரில் கொதிக்கவைத்துப் பசை நீக்கிவிடுவதால், சாயமேற்றிய நூலிலும் சேலையிலும் செரிசின் மிகக் குறைவு. ஆகவே கூட்டிலிருந்து நூல் எடுப்பவருக்கு உள்ள ஆபத்து நெய்பவருக்கு அதே அளவில் இல்லை. பட்டால் வரும் காணாக்கடி தொட்ட சில நிமிடங்களிலேயே, தொட்ட இடத்திலேயே தொடங்கும். தும்மல், இளைப்பு ஆகியவையும் சேர்ந்து வரலாம். வேலையிலிருந்து சில நாள் விலகியிருந்தால் குறையும்.

சாயத்தால் வரும் தோலழற்சி: சாயப்பட்டறையில் உண்டாகும் பாதிப்பு பெரும்பாலும் காணாக்கடி அன்று. கைகளில் தோல் சிவந்து, வெடித்து, நீர் வடிந்து, செதிலாகிப் பல நாட்கள் அதே இடத்தில் நிற்கும்.

அழுத்தக் காணாக்கடி: குழித்தறியில் நெடுநேரம் அமர்ந்து மிதியை மிதிப்பவருக்குப் பிட்டம், உள்ளங்கால் ஆகியவற்றில், வேலை முடிந்து நான்கு முதல் ஆறு மணி நேரம் கழித்து வலியுடன் ஆழ்ந்த வீக்கம் தோன்றலாம்.

வியர்வைக் காணாக்கடி: வெப்பமான அறையில் உழைக்கும்போது, வியர்க்கத் தொடங்கியதும் குண்டூசித் தலையளவு தடிப்புகள் திரளாகத் தோன்றும். உடல் குளிர்ந்ததும் மறையும்.

தன்னிச்சைக் காணாக்கடி: தறி ஓடும் நாளிலும் ஓடாத நாளிலும், பட்டுத் தொட்ட இடத்திலும் தொடாத இடத்திலும், இரவு உறக்கத்திலும் தடிப்பு வரும். குருதிப் பரிசோதனையில் தைராய்டைச் சேர்த்துப் பார்ப்பது முதன்மையாக இவ்வகையிலேயே பயன்தரும்.

இப்பிரிவினை வாழ்வாதாரத்துடன் தொடர்புடையது. தொழில் காரணமன்றி இருக்கும்போது தறியை விட்டு விலகுவது குடும்ப வருவாயை இழக்கச் செய்யுமே தவிர நோயைக் குறைக்காது. களைப்பையும் உடல் கனத்தையும் தறி வேலையின் அலுப்பு என்று கருதி விட்டுவிட்டால், குறைசுரப்பு பல ஆண்டுகள் கண்டறியப்படாமல் போகலாம். கருத்தரிக்கும் வயதிலுள்ள பெண்களுக்கு இது கூடுதல் கேடு தரும். சிகிச்சை பெறாத குறைசுரப்பு கருச்சிதைவுக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சிக் குறைவுக்கும் வழிவகுக்கக்கூடும்.

அண்மையிலுள்ள வேலூரில், 1900 இல் ஐடா ஸ்கடர் தொடங்கிய மருத்துவப் பணியிலிருந்து வளர்ந்த கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உள்ளன.

நோயறிதல்

காணாக்கடியை அறிய முதன்மையானது நோயாளி கூறும் வரலாறே. ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனாவால் வட்டமிட்டு, மறுநாள் அதே நேரத்தில் பார்ப்பது எளிய சோதனை. வட்டத்திற்குள் தடிப்பு மறைந்திருந்தால் அது காணாக்கடிக்குரிய இயல்பு. 24 மணி நேரத்திற்கு மேல் நின்று, வலியுடன் கன்றிய நிறத்தை விட்டுச் சென்றால் குருதிக்குழல் அழற்சி இருக்கலாம். அதற்குத் தோல் திசுச் சோதனை தேவைப்படும்.

பன்னாட்டு வழிகாட்டு நெறிகள் தன்னிச்சைக் காணாக்கடிக்குச் சில பரிசோதனைகளையே பரிந்துரைக்கின்றன. அவை குருதியணு எண்ணிக்கை, அழற்சியைக் காட்டும் அளவீடுகள், சிறப்பு மருத்துவரிடத்தில் மொத்த இம்யூனோகுளோபுலின் ஈ அளவு, தைராய்டு பெராக்சிடேசுக்கு எதிரான பிறபொருளெதிரி ஆகியவை. பிறபொருளெதிரி இருந்தாலோ, குறைசுரப்பின் அறிகுறிகள் இருந்தாலோ, தைராய்டு தூண்டும் இயக்குநீரின் அளவும் பார்க்கப்படுகிறது. மொத்த இம்யூனோகுளோபுலின் ஈ குறைந்தும் தைராய்டு பிறபொருளெதிரி மிகுந்தும் இருப்பது, மேலே கூறிய நேரடித் தூண்டல் வகையைச் சுட்டும் அடையாளமாகக் கொள்ளப்படுகிறது.

நோயாளியின் சொந்தக் குருதிநீரை மிகச் சிறிதளவு அவரது முன்கைத் தோலிலேயே செலுத்தி, அரைமணி நேரம் கழித்துத் தடிப்பு உண்டாகிறதா என்று பார்க்கும் சோதனையும் உண்டு. நூற்றுக்கணக்கான உணவுப்பொருட்களுக்குச் செய்யப்படும் ஒவ்வாமைப் பரிசோதனைத் தொகுப்புகள் தன்னிச்சைக் காணாக்கடியில் பெரும்பாலும் பயன்படுவதில்லை.

சிகிச்சை

தைராய்டு பிறபொருளெதிரி இருப்பினும் இல்லாவிடினும் காணாக்கடிக்கான சிகிச்சையின் வரிசை ஒன்றே. முதல்நிலை மருந்து உறக்கம் மிகுதியாகத் தராத புதிய தலைமுறை ஹிஸ்டமின் எதிர்ப்பிகள். பெக்சோபெனடின், லோரடடின், பிலாஸ்டின், லெவோசெட்டிரிசின் முதலியவை இவ்வகையின. அரிப்பு வரும்போது மட்டும் உண்பதைவிட நாள்தோறும் உண்பதே பயன்தரும். போதிய பயன் இல்லையெனில் மருத்துவரின் மேற்பார்வையில் வழக்கமான அளவின் நான்கு மடங்கு வரை உயர்த்தலாம். குளோர்பெனிரமின் போன்ற பழைய மருந்துகள் உறக்கத்தையும் கவனக்குறைவையும் உண்டாக்குவதால், நுண்ணிய கைவேலை செய்வோருக்கும் ஊர்தி ஓட்டுவோருக்கும் ஏற்றவை அல்ல.

இவற்றுக்கும் அடங்காத நோய்க்கு இம்யூனோகுளோபுலின் ஈ மூலக்கூற்றைப் பிணைக்கும் ஓமலிசுமாப் ஊசிமருந்து தரப்படுகிறது. அமெரிக்காவில் 2014 இல் இது காணாக்கடிக்கு ஒப்புதல் பெற்றது. நேரடித் தூண்டல் வகையினருக்கு இதன் பயன் தாமதமாகவோ குறைவாகவோ இருக்கலாம். சைக்ளோசுபோரின் அடுத்த நிலை மருந்து. 2025 இல் டுபிலுமாப், ரெமிபுரூட்டினிப் ஆகிய மருந்துகளும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன.

ஸ்டீராய்டு மருந்துகள் விரைவில் அரிப்பை அடக்கினும், கடுமையான நிலையில் சில நாட்களுக்கு மட்டுமே உரியவை. தொடர்ந்து உண்டால் நீரிழிவு, எலும்பு மெலிவு, உயர் குருதியழுத்தம் ஆகியவை உண்டாகும். ஆஸ்பிரின், இபுபுரோபென், டைக்குளோபினாக் போன்ற வலிநீக்கிகள் பலருக்குக் காணாக்கடியை மிகுவிக்கும். முதுகுவலிக்காக இவற்றை அடிக்கடி உண்போர் இதனைக் கவனித்தல் வேண்டும்.

தொண்டை அடைப்பு, மூச்சுத் திணறல், மயக்கம் ஆகியவை தோன்றினால் அது உயிருக்கு ஆபத்தான நிலை. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

தைராக்சின் தருவது பற்றிய கருத்து வேறுபாடு

தைராய்டு குறைசுரப்பு உறுதியானால் தைராக்சின் மாத்திரை தரப்படும். இதில் கருத்து வேறுபாடு இல்லை. காலையில் வெறும் வயிற்றில் உண்பதும், இரும்பு, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி விடுவதும், ஆறு முதல் எட்டு வாரங்களில் மறுபரிசோதனை செய்வதும் வழக்கம்.

பிறபொருளெதிரி மட்டும் இருந்து, சுரப்பி இயல்பாகச் செயல்படுவோருக்குக் காணாக்கடிக்காக மட்டும் தைராக்சின் தரலாமா என்பதே கேள்வி. லெஸ்னாஃப் குழுவினர் உட்படச் சிலர் இதனால் தடிப்புகள் குறைந்ததாக அறிவித்தனர். வேறு சிலர் பயனில்லை என்றனர். இவ்வாய்வுகள் பெரும்பாலும் சிறியவை. போலி மருந்துடன் முறையாக ஒப்பிடப்படாதவை. காணாக்கடி தானாகவே குறையும் இயல்புடையது என்பதால், ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வில் எந்த மருந்தும் பயனளித்தது போலத் தோன்றும். தேவையின்றி மிகுதியாகத் தைராக்சின் உண்டால் படபடப்பு, இதயத் துடிப்புச் சீர்கேடு, எலும்பு மெலிவு ஆகியவை நேரலாம். எனவே பொதுவான வழிகாட்டு நெறிகள் இதனைப் பரிந்துரைப்பதில்லை.

உணவும் உப்பும்

கத்தரிக்காய், கருவாடு, மீன், முட்டை முதலியவற்றை முற்றிலும் விலக்கும் வழக்கம் தமிழகத்தில் பரவலாக உள்ளது. உணவு ஒவ்வாமையால் வரும் தடிப்பு பெரும்பாலும் உண்ட இரண்டு மணி நேரத்திற்குள் தோன்றும். ஒவ்வொரு முறை உண்ணும்போதும் தோன்றும். அவ்வாறான தொடர்பு தெளிவாக இல்லாதபோது நீண்டகாலப் பத்தியம் ஊட்டக் குறைவுக்கே வழிவகுக்கும்.

அயோடின் மிகுதியானால் தைராய்டு தன்னெதிர்ப்பு கூடலாம் என்பது உண்மையே. ஆனால் உப்பில் சேர்க்கப்படும் அளவு மிகச் சிறிது. அயோடின் குறைந்தால் கழலையும், குழந்தைகளின் அறிவு வளர்ச்சிக் குறைவும் உண்டாகும். இதனால் 2006 மே 17 முதல் இந்தியாவில் உணவுக்கென அயோடின் சேர்க்காத உப்பை விற்பது தடைசெய்யப்பட்டுள்ளது. காணாக்கடிக்காக அயோடின் உப்பைக் கைவிடத் தேவையில்லை.

நோயின் போக்கு

நாட்பட்ட காணாக்கடி பெரும்பாலோருக்கு ஓராண்டு முதல் ஐந்தாண்டுகளுக்குள் அடங்கிவிடும். தன்னெதிர்ப்பு அடையாளங்கள் உடையோரிடம் இது சற்றுக் கடுமையாகவும் நீண்டும் இருக்கக்கூடும். தைராய்டு குறைசுரப்பு இதற்கு மாறானது. ஹஷிமோட்டோ நோயால் வந்த குறைசுரப்பு பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் நீடிக்கும். ஆகவே தடிப்புகள் நின்ற பின்னரும், தைராக்சின் உண்பவர்கள் அதனைத் தாமாக நிறுத்தலாகாது. பிறபொருளெதிரி மட்டும் உடையவர்கள் காலமுறைப்படி தைராய்டு பரிசோதனை செய்துகொள்வது நல்லது.